பிரெஞ்சுக்காரர் வெட்டாமல் விட்ட இடம்

1

ஊர் மலருக்கு வருடத்துக்கு ஒரு கட்டுரை தருவதாக நான் ஒப்புக்கொண்டது என் முன்னேற்றத்தை எழுதத்தான். அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கையில் ஒரு பையோடு இந்தக் குளிர் தேசத்தில் இறங்கி, விபோர்க்கில் பன்றி வெட்டும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் கத்தி பிடித்தேன். பிறகு கோப்பன்ஹேகன் பக்கம் வந்து, டோஸ்ட்ருப்பில் சொந்தமாகத் துப்புரவு நிறுவனம் தொடங்கினேன். முப்பத்தொரு பேருக்கு வேலை கொடுத்தேன். அவர்களில் பட்டப் படிப்புப் படித்தவர்களும் இருந்தார்கள். எனக்கு ஒருவரும் ஏணி வைக்கவில்லை, சுவரில் நகத்தை ஊன்றித்தான் ஏறினேன். இதையெல்லாம் போன மலர்களில் என் படத்தோடு வாசித்திருப்பீர்கள்.

இந்த முறை ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றி எழுதுகிறேன். இறந்து நூறு வருடமான ஒரு சங்கீதக்காரர். அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. மகள் பத்துத்தரம் சொல்லித் தந்தும் என் நாக்கு அதை ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. பிழையாக எழுதி ஒரு பெரிய மனிதரை ஏன் அவமதிக்கவேண்டும்? பிரெஞ்சுக்காரர் என்றால் போதும்.

துடைப்பம் பிடித்தவனுக்கு என்ன வெள்ளைக்காரச் சங்கீதம் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். என் மனைவி பவளம் இறந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. அவளுடைய சாவும், எங்கள் ஒரே மகள் ஆரணியும், இந்தப் பிரெஞ்சுக்காரரும் ஒரே முடிச்சில் கிடக்கிறார்கள். அந்த முடிச்சைப் போட்டவன் நான்.

2

ஆரணிக்கு ஏழு வயதாக இருந்தபோது நகரசபையின் சங்கீதப் பள்ளிக்கூடத்தைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது. நானும் பவளமும் வாளியோடு போவோம். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லாததால் அவளும் வருவாள். படிக்கட்டில் குந்தியிருந்து உள்ளே நடக்கும் பாட்டு வகுப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஆசிரியை கதவைத் திறந்து, "நீயும் உள்ளே வா" என்றாள். அவ்வளவுதான். நான் மண்டபத்தின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரைக்குத் துடைத்து முடிப்பதற்குள் என் மகள் அவர்களுடைய ஆளாகிவிட்டாள். பிறகு அவர்களுடைய கோயிலான சேர்ச்சிலும் பாடத் தொடங்கினாள்.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? "சைவப் பிள்ளையைச் சேர்ச்சிலயெல்லோ பாட விட்டிருக்கிறார்" என்று கதைத்தார்கள். ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். "உங்கட பிள்ளை வீணை பழகுது, மூண்டு வருசமா ஒரே பாட்டு. என்ர பிள்ளை லத்தீனில பாடுது" என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக் கடித்தேன்.

இந்தப் பிரெஞ்சுக்காரர் எங்கள் குசினிக்கு வந்தது ஆரணி வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் சங்கீத ஆசிரியையாகி, ஒரு பாடகர் குழுவில் சேர்ந்த பிறகு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். தகப்பனோடு டெனிஷும் தமிழும் கலந்து, தாயோடு பாதித் தமிழ். பவளத்துக்கு டெனிஷ் வராது. வரத் தேவையும் இருக்கவில்லை. அவள் என் நிறுவனத்தில் தமிழ்ப் பெண்களோடு வேலை செய்தாள். கடை, வைத்தியர், கடிதம் எல்லாவற்றுக்கும் நான் இருந்தேன். என் மனைவியை ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னாலும் திக்கித் திணற நான் விட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான்.

ஆரணி ஒரு ஞாயிறு அவருடைய கதையைச் சொன்னாள். தெற்குப் பிரான்சில் ஒரு வாத்தியாருக்கு ஆறாவது பிள்ளை. பிறந்ததும் வேறொரு பெண்ணிடம் வளரக் கொடுத்துவிட்டார்கள். நாலு வயதில்தான் வீட்டுக்கு வந்தார்.

பவளம் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நாலு வயசு வரைக்கும் ஆரோவோ வளத்தது? பெத்தவளுக்கு மனம் எப்பிடி வந்தது?"

"பிறகு ஒம்பது வயசில பாரிசுக்கு அனுப்பீட்டினம் அம்மா. கோயில் சங்கீதம் படிக்கிற விடுதி."

"ஒம்பது வயசிலயோ! அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது?"

"அம்மா, நான் அவற்ற சங்கீதத்தைப் பற்றிச் சொல்லுறன், நீங்கள் சாப்பாட்டைக் கேக்கிறியள்."

"சாப்பிடாமல் ஆர் பாடுறது?"

எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனதற்குக் காரணங்கள் வேறு. கோயிலில் ஓர்கன் வாசிப்பதுதான் அவருடைய கூலி வேலை. பிரசங்கம் தொடங்கினால் மெல்ல வெளியே போய்ச் சிகரெட் பிடிப்பாராம். இரவு முழுக்க ஆட்டவிழாவில் நின்றுவிட்டு அதே உடுப்போடு காலைப் பூசைக்கு வந்ததால் ஒரு வேலை போனதாம். வருடம் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்து, கோடை விடுமுறையில் மட்டும் தன் சொந்தப் பாட்டை எழுதினார். கடைசியில் பாரிசின் பெரிய சங்கீதக் கல்லூரிக்கே தலைவரானார். அந்தக் கல்லூரியில் அவர் ஒருநாளும் படிக்கவில்லை! படிக்காத இடத்துக்குத் தலைவர். "ஆள் என்னைப்போலத்தான்" என்றேன். ஆரணியும் பவளமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

இன்னொன்றையும் சொன்னாள். வயதானபோது அவருக்குக் காது போய்விட்டது. வெறுமனே கேட்காமல் போனாலும் பரவாயில்லை, கேட்டதே பிழையாகக் கேட்டதாம். கீழ்ச் சுரம் மேலேயும், மேல் சுரம் கீழேயும். அதை முடிந்தமட்டும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். நாற்பது வருடமாக டெனிஷ்க் கூட்டங்களில், பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையாட்டியவன் நான். அப்படி ஒன்றைப் பொத்தி வைத்துக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அன்று அதை நான் சொல்லவில்லை.

அவர் எழுதியவற்றில் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது செத்தவர்களுக்கான ஒரு பூசைப் பாட்டு. டென்மார்க்கில் நவம்பர் மாதம், இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறுகளில், எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு சேர்ச்சில் இதைப் பாடிக்கொண்டிருப்பார்கள். கடவுளும் இல்லை பிசாசும் இல்லை என்று சொல்லுகிற வெள்ளைக்காரர்கள்கூட வந்து கைகட்டிக் கேட்பார்கள். அதில் ஒரு பெண்குரல் தனியே நின்று, செத்தவர்களுக்கு ஓய்வைக் கொடு என்று கேட்கிற இடம் உண்டு. ஆரணிக்கு அந்த இடத்தைக் கொடுத்திருந்தார்கள்.

3

பவளத்துக்குக் கட்டி என்று தெரிந்து ஒன்றரை வருடம் மருந்து ஏற்றினார்கள். ஆரணி எங்களோடு வைத்தியசாலைக்கு வருவாள். கடைசியாகப் போன அன்று அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை. "நீ வரத் தேவையில்லை, நான் இருக்கிறன்" என்றேன்.

அழைப்புக் கடிதத்தில், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்டிருந்தார்கள். 'வேண்டாம்' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் போட்டேன். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவனுக்கு, ஊரில் இருந்து நேற்று வந்த ஒரு பெடியன் வந்து மொழிபெயர்ப்பதா?

வைத்தியர் ஓர் இளம் பெண். தன் கதிரையை இழுத்துப் பவளத்துக்குக் கிட்டப் போட்டாள். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் கதைத்தாள். மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னதால் எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. மருந்து இனி உதவாது. மாதக் கணக்கு இல்லை, இனிக் கிழமைக் கணக்குத்தான். நீ யாரைப் பக்கத்தில் வைத்திருக்க விரும்புகிறாயோ அவர்களை இப்போது கூப்பிடு. மூச்சு முட்டும், அதற்கு நகரசபைத் தாதி வீட்டுக்கு வந்து மருந்து தருவாள், நீ பயப்படத் தேவையில்லை.

பவளம் என்னைப் பார்த்தாள். "என்னவாம்?"

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோயில் கிடக்கும் வருத்தக்காரரிடம் வருத்தத்தைச் சொல்வதில்லை. என் தகப்பனுக்கு நாங்கள் சொல்லவில்லை, பவளத்தின் தாய்க்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆள் அந்த நிமிடமே விழுந்துவிடும் என்பார்கள்.

"மருந்தை நிப்பாட்டப் போயினமாம். உடம்பு களைச்சுப் போச்சு, கொஞ்ச நாள் ஆறட்டாம்" என்றேன்.

"இவ்வளவு நேரம் கதைச்சவா, இவ்வளவுதானோ?"

"வெள்ளைக்காரர் ஒண்டைச் சொல்ல ஒம்பதைச் சொல்லுவினம்."

வைத்தியர் பவளத்தின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். "ஏனப்பா கையைப் பிடிக்கிறா?" என்று பவளம் கேட்டாள். "அன்பான பிள்ளை" என்றேன். உனக்கு எல்லாம் விளங்கினதா, ஏதாவது கேட்க விரும்புகிறாயா என்று வைத்தியர் கேட்டாள். "சுகமா இரு எண்டு சொல்லுறா, தலையாட்டு" என்றேன். பவளம் நன்றாகச் சிரித்து, தலையாட்டி, தனக்குத் தெரிந்த ஒரே டெனிஷ்ச் சொல்லான 'நன்றி'யைச் சொன்னாள். அந்த வைத்தியருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு தைரியமான மனுசியா என்று அவள் நினைத்திருப்பாள்.

அன்று பின்னேரம் ஆரணி தொலைபேசி எடுத்தாள். அந்தக் கிழமைதான் அவளுடைய குழு பாரிசுக்குப் போவதாக இருந்தது. பிரெஞ்சுக்காரர் பல வருடம் ஓர்கன் வாசித்த, வெளியே தூண்கள் நிறைந்த பெரிய கோயிலிலேயே அந்தப் பாட்டைப் பாடப் போகிறார்கள். அவள் தனியே பாடுவாள்.

"டொக்டர் என்ன சொன்னவா அப்பா? நான் நிக்கட்டா?"

"ஒண்டுமில்லை. ஆறட்டாம். நீ போ."

பவளம் தொலைபேசியை வாங்கி, "போட்டு வா பிள்ளை, வந்து எனக்குப் பாடிக் காட்டு" என்றாள்.

தாதி இரண்டு முறை தொலைபேசி எடுத்தாள். நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தாதி வீட்டுக்குள் வந்தால் அவளோடு உண்மையும் வந்துவிடும்.

4

பவளம் இறந்த பிறகு முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகம் அடித்து ஊருக்கும் அனுப்பினேன். உங்களில் பலரிடம் அந்தப் புத்தகம் இருக்கும். அதில் "அமைதியாக இறைவனடி சேர்ந்தார்" என்று இருக்கிறது. வசனம் என்னுடையது. அது பொய். நித்திரையில் போனாள் என்று ஆரணிக்குச் சொன்னதும் பொய்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடித்துச் சாய்வு நாற்காலியில் இருந்தாள். மூச்சு எடுக்க முடியவில்லை. முதலில் யன்னலைத் திறக்கச் சொன்னாள், திறந்தேன். பிறகு எழும்ப முயன்றாள். என் சேட்டின் நெஞ்சுப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆறுகிற உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்று எப்படி விளங்கும்?

"என்னப்பா இது? என்ன செய்யுது எனக்கு? ஆரணி எங்க, ஆரணியைக் கூப்பிடுங்கோ. அவளுக்கு வடிவாச் சொல்லத் தெரியும், அவள் டொக்டரோட கதைப்பாள்."

அம்புலன்ஸ் வந்தபோது என் சேட்டில் இருந்து அவளுடைய விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வண்டிக்குள் முடிந்துவிட்டது. கண் மூடவில்லை. பன்றித் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றவனுக்கு, பயந்து சாகிற உயிரின் கண் எப்படியிருக்கும் என்று ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அன்று மாலை பாரிசில் என் மகள் செத்தவர்களுக்காகப் பாடினாள். பாடி முடித்து, கைபேசியைத் திறந்தாள்.

5

செத்தவீட்டில் அந்தப் பாட்டை ஒருதரம் பாட ஆரணி கேட்டாள். தேவாரம் படிக்கிற இடத்தில் லத்தீன் என்ன என்று மறுத்தேன். அவள் வாதாடவில்லை. முழுநேரமும் தாயின் காலடியில் நின்றாள்.

இளவேனில் வந்தபோது ஒரு நாள் தாளோடு வீட்டுக்கு வந்தாள். இந்த நாட்டில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள், செத்தவரின் மருத்துவக் குறிப்பைப் பிள்ளை கேட்டு எடுக்கலாம். படிவம் நிரப்பி, காரணம் எழுதி, ஆறு கிழமை காத்திருந்து எடுத்திருந்தாள். மேசையில் வைத்து ஒரு வரியை விரலால் காட்டினாள். அந்தக் கடைசிச் சந்திப்பின் வரி. 'சிகிச்சை நிறுத்தம், எஞ்சிய காலம் பற்றி நோயாளிக்குக் கணவர் மூலம் தெரிவிக்கப்பட்டது. நோயாளி விளங்கிக்கொண்டார், அமைதியாக இருந்தார்.'

"அம்மாவுக்குத் தெரியுமா அப்பா?"

எனக்குப் பதில் தெரியும். ஒரு சொல்தான். ஆனால் அந்தத் தாள் எனக்கு முன்னால் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

"எழுதியிருக்குத்தானே" என்றேன்.

அவள் தாளை மடித்தாள். "அப்ப அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் என்னைப் போகச் சொன்னவா." பிறகு டெனிஷில் மெதுவாகச் சொன்னாள்: "நான் அவளுக்குத் தேவைப்படவில்லை."

அதற்குப் பிறகு அவள் வந்தால் தாயின் படம் இருக்கும் அறைக்குள் போகமாட்டாள். முன்பெல்லாம் வந்தவுடன் விளக்குக் கொளுத்துவாள். இப்போது குசினியில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விடுவாள். பாட்டையும் குறைத்துக்கொண்டாள். நான் ஆறு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டுத்தான் நான் மறைத்தேன் என்று நினைத்தாளாக்கும், என்னோடு அவளுக்குக் கோபம் இல்லை. என்னில் கனிவாகக்கூட இருந்தாள், பாவம் அப்பாவைத் தனியே சுமக்க விட்டுவிட்டாளே அம்மா என்று. செத்தவள் வந்து வாய் திறக்கப் போகிறாளா? நான் தப்பியிருந்தேன்.

ஐப்பசி முடிவில் பவளத்தின் ஒரு வருட ஆட்டைத் திவசத்துக்கு நாள் பார்த்துச் சொன்னேன். "நான் வரேல்லை அப்பா" என்றாள். "கூப்பிடாத இடத்துக்கு வரக்கூடாது."

6

திவசத்துக்கு முந்திய ஞாயிறு அவளுடைய குழு டோஸ்ட்ருப் சேர்ச்சில் பாடியது. என்னைக் காரில் கூட்டிப்போனவன் அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் டானியல், பெந்தெகோஸ்தேக்காரன், விபோர்க் காலத்து நண்பன்.

"அண்ணை, நாப்பது வருசமாச் சேர்ச்சுக்கு வாங்கோ வாங்கோ எண்டு நான் கூப்பிட்டன். நீங்கள் அசையேல்லை. செத்துப்போன ஒரு பிரெஞ்சுக்காரன் இழுத்துக்கொண்டு வந்திட்டான்!"

"அவன் கையைத் தட்டிக் கத்தேல்லை, அதுதான்."

"பாப்பம், பாப்பம். இடையில நித்திரை கொண்டால் இடிப்பன்."

பாடத் தொடங்குமுன் குழுவை நடத்துபவர், நரைத்த ஒல்லி மனிதர், பாட்டைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். அந்தக் காலத்தில் செத்தவர்களுக்கான பூசைப் பாட்டு என்றால், உலகம் எரியும் நாள், தீர்ப்பு நாள், எல்லோரும் நடுங்கும் நாள் என்று ஒரு நீண்ட பயங்கரப் பகுதி இருக்குமாம். மற்றப் பெரிய சங்கீதக்காரர்கள் முரசும் எக்காளமும் வைத்து அந்தப் பகுதியால்தான் சனத்தை உலுக்கினார்கள். எங்கள் பிரெஞ்சுக்காரர் அந்தப் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டார். சாவு பயங்கரம் அல்ல, அது விடுதலை என்று அவர் நினைத்தாராம். முதல்முறை பாடியபோது, இந்தப் புதுமை எல்லாம் எங்களுக்கு வேண்டாம் என்று கோயில் குருவே முகம் சுளித்தாராம். இன்று உலகம் முழுக்க அதையே பாடுகிறது.

எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. சந்தோசத்தில்! நூறு வருடத்துக்கு மேலாக எல்லோரும் புகழுகிற வேலையைத்தானே நானும் செய்தேன்? பயங்கரமான பகுதியைத் தூக்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். ஒரு வருடமாக நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்து வெளியே வைத்ததுபோல இருந்தது.

ஆரணி தனியே எழும்பி நின்றாள். கறுப்புச் சட்டை, கையில் தாள், ஆனால் தாளைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டில் வித்தை எதுவும் இல்லை. ஒரு பிள்ளை கேட்பதுபோல, அவர்களுக்கு ஓய்வைக் கொடு, ஓய்வைக் கொடு என்று திரும்பத் திரும்பக் கேட்கிறது. அவளுடைய குரலில் பிழை இல்லை, ஆனால் அவள் யாருக்காகவும் கேட்கவில்லை. அது எனக்கே விளங்கியது. தண்ணீர் ஊற்றாத கண்ணாடிக் குவளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

டானியல் என் பக்கம் சாய்ந்து, "பிள்ளை வடிவாப் பாடுது அண்ணை, ஆனால் ஏனோ குளிருது" என்றான்.

7

முடிந்த பிறகு பக்கத்து மண்டபத்தில் கோப்பியும் கேக்கும். ஆரணி ஒரு கோப்பியை எனக்குக் கொண்டுவந்தாள். எனக்கு அந்தச் சந்தோசம் இன்னும் வற்றவில்லை.

"உன்ர பிரெஞ்சுக்காரர் கெட்டிக்காரன். அந்தப் பயங்கரத்தை வெட்டினது நல்ல வேலை. சனத்தை ஏன் வெருட்டுவான்?"

"முழுக்க வெட்டேல்லை அப்பா."

"அந்த மனுசன் சொன்னாரே."

"அந்தப் பெரிய பகுதியைத்தான் வெட்டினவர். கடைசிக்குக் கிட்ட ஒரு ஆண்குரல் தனியப் பாடினதெல்லோ? அதுக்குப் பிறகு எல்லாரும் சத்தமா, எக்காளத்தோட? அந்தத் தீர்ப்பு நாள் அங்க வருது. கொஞ்ச நேரம்தான். அதை மட்டும் விட்டு வச்சிருக்கிறார்."

"ஏன் அதை மட்டும்?"

அவள் தோளைக் குலுக்கினாள். "ஒண்டுமே சொல்லாமல் விட்டால் கடைசியில வாற அமைதியை ஆர் நம்புவினம்? பயம் இருக்கு எண்டு ஒருக்கால் சொல்லவேணும். சொல்லிப்போட்டுக் கையைப் பிடிக்கவேணும்."

சொல்லிவிட்டுக் கோப்பியைக் குடித்தாள். அவள் வாத்தியார், பிள்ளைகளுக்குச் சொல்வதை எனக்கும் சொன்னாள், அவ்வளவுதான். என் மனக்கண்ணில் அந்த இளம் வைத்தியர் பவளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவளும் அந்த ஒழுங்கில்தான் செய்தாள். சொன்னாள், பிறகு பிடித்தாள். நான் சொல்லை எடுத்துவிட்டு வெறும் கையை மட்டும் பவளத்துக்குக் கொடுத்தேன்.

"வெளியில வா பிள்ளை" என்றேன்.

சேர்ச்சின் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் டெனிஷிலேயே சொன்னேன். அந்த வைத்தியர் சொன்ன வசனங்கள் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம், வருடம் முழுக்க அவை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தன. மருந்து உதவாது. கிழமைக் கணக்கு. யாரைப் பக்கத்தில் வைத்திருக்க விரும்புகிறாயோ அவர்களை இப்போது கூப்பிடு. அதன் பிறகு தமிழில், நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்பதைச் சொன்னேன். தாதியைத் தடுத்ததையும் சொன்னேன்.

ஆரணியின் வாய் கொஞ்சம் திறந்தபடி இருந்தது. "அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அண்டைக்கு நான் தாளைக் காட்டிக் கேட்டனே."

"ஓம்."

"அம்மா நித்திரையில போனவா எண்டு சொன்னியள்."

"இல்லை. மூச்சு முட்டிப் பயந்து..."

"என்னைக் கேட்டவாவா?"

நான் வாழ்க்கையில் ஒருவருக்கும் தலை குனிந்ததில்லை என்று இந்த மலரிலேயே எழுதியிருக்கிறேன். அன்று சைக்கிள் சில்லுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "கேட்டவள். ஆரணியைக் கூப்பிடுங்கோ எண்டு."

"எத்தினை தரம்?"

"எண்ணேல்லை."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கறுப்புச் சட்டைக்கு மேல் மழை அங்கியைக்கூடப் போடாமல் சைக்கிளின் பூட்டைத் திறக்க முயன்றாள். திறப்பு துவாரத்துக்குள் போகவில்லை. நான் கை நீட்டினேன்.

"தொடாதேங்கோ" என்றாள்.

கடைசியில் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு நடந்து போனாள். டானியல் காரை வாசலுக்குக் கொண்டுவந்து, "பிள்ளை எங்க அண்ணை, நனையுது" என்றான். நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

8

திவசத்தன்று ஐயர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். எள்ளு, தர்ப்பை, பிண்டத்துக்கு மா எல்லாம் வைத்தாகிவிட்டது. பவளத்தின் படத்துக்கு மாலை போட்டேன். பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தது.

ஆரணி சேலை கட்டி வந்திருந்தாள். கையில் மூன்று பாத்திரம். பயற்றங்காய்க் கறி, கத்தரிக்காய், பாயசம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை விடியவே எழும்பித் தனியே சமைத்திருக்கிறாள். என்னைக் கடந்து போய்ப் படத்துக்கு முன்னால் இருந்தாள்.

"பிள்ளையில்லை எண்டபடியால் கணவர்தான் செய்யவேணும், வாங்கோ" என்று ஐயர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் இருக்கிறன் ஐயா" என்றாள் ஆரணி.

"ஆம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னனான் அம்மா."

"நான்தான் பிள்ளை."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தர்ப்பை மோதிரத்தை அவளுடைய விரலில் போட்டார். எள்ளும் தண்ணீரும் அவளுடைய கைவழியே விழுந்தன. மந்திரத்தைச் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். லத்தீன் பழகின நாக்கு, ஓர் எழுத்துக்கூடத் தவறவில்லை. ஐயரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும் ஐயரிடம் ஏதோ கேட்டாள். அவர், "படிக்கலாம், ஏன் படிக்கக் கூடாது?" என்றார். அவள் அந்தப் பாட்டை, செத்தவர்களுக்கு ஓய்வைக் கேட்கிற பாட்டை, படத்தைப் பார்த்துப் பாடினாள். இந்த முறை அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. உடைந்த இடத்தில் நின்று, மூச்செடுத்து, திரும்பப் பிடித்தாள்.

நான் குசினி வாசலில் நின்று கேட்டேன். உள்ளே போக எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

ஐயர் போன பிறகு அவள் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். படத்தின் மாலையைக் கழற்றினாள். கதிரை போட்டு ஏறி, படத்தைச் சுவரில் இருந்து இறக்கத் தொடங்கினாள். ஒரு பக்கம் கம்பி சிக்கியிருந்தது. நான் போய்க் கம்பியை விடுவித்துக் கொடுத்தேன். அவள் படத்தைத் தன் சால்வையில் சுற்றினாள்.

"கொண்டு போறன்" என்றாள்.

"கொண்டு போ."

நாற்பது வருடத்தில் இந்த நாட்டில் நான் என்னென்ன சம்பாதித்தேன் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றைத்தான் நான் எடுத்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். தாயிடம் மகளைத் திருப்பிக் கொடுத்தேன். அதில் மூன்றாவது ஆளான எனக்கு இடம் இருக்கவில்லை.

பல்கனியில் நின்று பார்த்தேன். கீழே பஸ் தரிப்பில் அவள் மட்டும் இருந்தாள். வாங்குப் பலகையில் தனக்குப் பக்கத்தில் படத்தை நிமிர்த்தி வைத்து, சால்வையை விலக்கி, அதைப் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் இருந்து வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது. சாரதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவை மூடினான். அவள் ஏறவில்லை. அவளுக்கு இன்னும் சொல்ல இருந்தது.